மேற்கே பொதுப் பாதை

சண்முகத்தாய் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பரளச்சி பஸ் கண்டக்டர். ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, டிக்கெட் பையோடு ரோட்டைக் கடந்து வந்து, கடை வாசலில் நின்றபடியே சொன்னார். "அண்ணாச்சி, ஒங்க கடையில டைப் அடிக்கிற அக்கா வெள்ளன தவறிட்டாக. நாலு மணிக்கு எடுக்குறாக. ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக." அவருக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். நான் அப்போது ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். உடம்பு முழுக்க ஒரே அலுப்பு. அந்த அலுப்பு இன்னும் போகவில்லை.

மஞ்சள் காமாலை. ஒரு மாதம்கூட இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்டார், கொடுத்தேன். முகம் சுளிக்காமல்தான் கொடுத்தேன். திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

அருப்புக்கோட்டையில் பத்திரிகை அடித்தவர்கள், மனு அடித்தவர்கள், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் அடித்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பெயர் தெரியாது, முதுகு தெரியும். அவர் நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருக்கும். வந்தவர்கள் சொல்லச் சொல்ல, திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டே போவார். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இங்கே அவர், இவர் என்று எழுதுகிறேன். இத்தனை வருஷம் கொடுக்காத மரியாதை, இப்போது காகிதத்தில் வருகிறது. என்னத்தைச் சொல்ல.

அவர் வேலைக்கு வந்தபோது எங்கள் கடையில் ஒரு தமிழ் டைப்ரைட்டரும் ஒரு இங்கிலீஷ் டைப்ரைட்டரும்தான் இருந்தன. எண்பதுகளின் நடுப்பகுதி. வந்த முதல் வாரத்தில், பாளையம்பட்டியிலிருந்து ஒருவர் தன் அண்ணன் மீது புகார் மனு அடிக்க வந்தார். மனுவில் பாதி வசவு. அம்புட்டையும் வரி விடாமல் சொன்னார். சண்முகத்தாய் அடித்து உருவிக் கொடுத்தது அரைப் பக்கம். "என்னம்மா, நான் சொன்னதுல பாதியக் காணோமே?" என்று அவர் கேட்டார். "திட்டுனதெல்லாம் காத்தோட போகட்டும்ண்ணே. கேக்க வந்ததை மட்டும் அடிச்சிருக்கேன். மிச்சத்த நேர்ல பாக்கையில சொல்லிக்கோங்க" என்றார் இவர். எனக்குச் சுருக்கென்றது. வாடிக்கையாளர் போய்விடுவாரே! ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு எல்லா மனுவுக்கும் எங்களிடம்தான் வந்தார். அண்ணனோடு அவருக்கு அத்தனை தகராறு இருந்தது.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. மதுரையில் ஆறு வாரம் கற்றுக்கொண்டு வந்தவன் நான். சண்முகத்தாய் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார். மூன்றாவது மாதம் நான் அவரிடம் கேட்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் கம்ப்யூட்டர் மகா மந்தம். தமிழ் எழுத்து திரையில் வருவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் சண்முகத்தாய் ஒரு வழி வைத்திருந்தார். தமிழ் எழுத்துரு இல்லாத கறுப்புத் திரையில் முதலில் எல்லாவற்றையும் அடித்துவிடுவார். அங்கே தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதவீதக் குறியும் கலந்து, கோழி கிளறிய குப்பை மாதிரி ஓடும். அச்சடிக்கும்போதுதான் அது தமிழாக மாறும். அந்தக் குப்பையை அவர் தமிழைப் போலவே படிப்பார், பிழை இருந்தால் அங்கேயே திருத்துவார். எனக்கு அதைப் பார்த்தாலே கண் வலிக்கும்.

அவர் ஊர் பரளச்சிக்கு அப்பால், கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு காலனி. நூறு வீட்டுக்கு மேல் இருக்கும். பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பிள்ளைகள் இப்போது மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். குடியிருந்த வீட்டுக்கு ஒருவரிடமும் பட்டா இல்லை. யாரை எந்த அதிகாரி எப்போது காலி செய்யச் சொன்னாலும் காட்ட ஒரு காகிதம் கிடையாது. சண்முகத்தாய் பல தடவை மனு கொடுத்த பிறகு, ஒரு நல்ல அதிகாரி வாய்த்தார். "எல்லையில தகராறு இல்லைன்னு நீங்களே வீட்டு வீட்டுக்கு நாலு பக்கமும் எழுதிக் கொண்டாங்க. ஊருக்கே வந்து முகாம் போட்டு அளந்து கொடுத்துடுறேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட விடவில்லை. டேப்பும் ஒரு நீள நோட்டும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் அவர் வாசலில் விழுகிறது, அவர் ஆட்டுக் கொட்டம் இவர் சுவரில் சாய்ந்திருக்கிறது, நடுவில் நிற்கும் வேம்பு யாருடையது. ஒவ்வொன்றாகப் பேசி, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சம்மதம் என்றதும் கைநாட்டு வாங்குவார். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் வீடு, வடக்கே தெரு, தெற்கே ஓடை. இப்படி நூற்றுச் சொச்சம் வீடு. முகாமுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அப்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் கடையைச் சுத்தம் செய்வது எங்கள் பக்கத்தில் ஒரு வெறி. அன்று சண்முகத்தாய் வேலைக்கு வராமல் ஊரிலேயே இருந்துவிட்டார். நான் ஒற்றை ஆளாக மூன்று காரியம் செய்தேன். பரணில் இருந்த பழைய காகிதத்தையெல்லாம் கட்டி, பாளையம்பட்டி பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினேன். அந்த நீள நோட்டும் அதில் போய்விட்டது. கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்வோம் என்று, மதுரை வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் அடித்தேன். என் கல்யாணப் பத்திரிகைகளை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன். சண்முகத்தாய் பெயரில் அதில் தனியாக ஒரு இடம் இருந்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு ஃபிளாப்பிகளையெல்லாம் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தக் காலத்துப் பெரிய ஃபிளாப்பி, நடுவில் திறந்திருக்கும். சந்தனம் சரியாக அந்தத் திறப்பில் விழுந்தது. சண்முகத்தாய் பட்டியலுக்கு எடுத்து வைத்திருந்த ஒரே நகலும் அதில் ஒன்று. இப்படி ஒரு பக்திமான் ஊரில் உண்டா!

விஜயதசமி காலையில் கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடியது. நல்ல நாளும் அதுவுமாக முதல் வேலை என்று, ஒரு காதுகுத்துப் பத்திரிகையை நானே அடித்து முடித்தேன். சண்முகத்தாய் மறுநாள் வந்தார். தேடினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கடையில் அவர் திரும்பிப் பார்த்து அப்போதுதான் கண்டேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, என் தப்பை மறைக்க அவரையே திட்டினேன். "ரெண்டு நகல் எடுத்து வைக்க வேண்டியதுதானே! இம்புட்டு வருஷம் வேலை பாத்து இதுகூடத் தெரியாதா?" சந்தனம் காய்ந்த ஃபிளாப்பியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். லோடு மதுரைக்குப் போய்விட்டது என்றார்கள். கம்ப்யூட்டர் விற்ற மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். "ஃபார்மேட் அடிச்சா போனதுதான் சார்" என்றார். "சரி, ஊருக்குப் போய் விஷயத்தைச் சொல்லி மறுபடி எழுதிக்கிட்டு வருவோம். நானும் வாரேன்" என்றேன். சண்முகத்தாய் தலையை ஆட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி. அச்சுல வந்து நின்னா மறுபேச்சுப் பேச மாட்டாக. நோட்டக் காணோம்னு போய் நின்னா ஆளுக்கு ஒரு முழம் நகந்துருவாக. அவுகளச் சம்மதிக்க வச்சதே பெரும்பாடு. ரெண்டாந்தரம் நடக்காது." முகாமுக்கு எட்டு நாள் இருந்தது. அந்தச் சம்மதம் மொத்தமும் நான் அழித்த டிஸ்கில்தான் இருந்தது.

வீரசோழனில் ஜபருல்லா என்று ஒருவர், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தார். யாரோ சொல்லி, பஸ் ஏறிப் போய்க் கூட்டிவந்தேன். அவர் கையோடு ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்தார். அதைப் போட்டால் டிஸ்கின் உள்ளே கிடப்பதைத் துண்டு துண்டாகத் திரையில் காட்டும். "அண்ணே, நீங்க அழிச்சது குடோன் வாசல்ல மாட்டுன போர்டத்தான். சரக்கு உள்ளதான் கெடக்கு. அதுக்கு மேல புதுச் சரக்கு எறக்காம இருந்தீங்கன்னா சரி" என்றார். காதுகுத்துப் பத்திரிகையை நான் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு துண்டாகத் தள்ளிக்கொண்டே போனார். அரை மணி நேரம் கழித்து உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் வெளங்கல. அம்புட்டும் குப்பையா இருக்கு."

"நிறுத்துங்க பாய்" என்றார் பின்னால் நின்ற சண்முகத்தாய். திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "குப்பை இல்ல. கருப்பாயி வீடு. கிழக்கே மாரிமுத்து வீட்டுச் சுவர், வடக்கே தெரு." அந்தக் கோழிக் கிளறலின் மேல் விரலை வைத்து, ரேஷன் கார்டைப் படிப்பதுபோல் படித்தார். ஜபருல்லா நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்க உக்காருங்கக்கா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைத்துக்கொண்டு டீ வாங்கப் போனேன்.

ஆறு நாள் பகல் முழுக்க அதுதான் வேலை. கரண்ட் போகும், வரும், மறுபடி முதலிலிருந்து. துண்டுகள் வரிசையாகக் கிடக்கவில்லை. ஒரு வீட்டின் கிழக்கு இங்கே இருக்கும், மேற்கு எங்கோ இருக்கும். சண்முகத்தாய் சேர்த்த விதத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கருப்பாயிக்குக் கிழக்கே மாரிமுத்து என்றால், மாரிமுத்துக்கு மேற்கே கருப்பாயி. ஒரு வீடு காணாமல் போனாலும் பக்கத்து வீட்டுக்காரர் அதற்குச் சாட்சி. ஏழெட்டு வீடுகள் முழுசாக அழிந்திருந்தன. அத்தனையையும் பக்கத்து வீடுகளை வைத்தே எழுதிவிட்டார். சொந்த ஞாபகத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. "நாலு பக்கமும் பேசட்டும், நாம எதுக்கு நடுவுல" என்பார்.

ஆறாம் நாள், கடைசியில் ஒரு இடம் மட்டும் மிஞ்சியது. அடுத்தடுத்த இரண்டு வீடுகள். ஒன்று சண்முகத்தாயும் அவர் அம்மாவும் இருந்த வீடு. மற்றது மேற்கே, அவருடைய அப்பாவின் அண்ணன், பெரியய்யா முனியாண்டியின் வீடு. இரண்டும் இருக்கவேண்டிய இடத்தைத் திரையில் கொண்டுவந்தபோது சண்முகத்தாய் படித்தார்: "'தாய்மாமன் மடியில் அமர்த்தி... அனைவரும் வருக வருக'ன்னு இருக்கு அண்ணாச்சி." என் காதுகுத்துப் பத்திரிகை. தன் வீடு போன இடத்தைப் பார்த்து அந்தம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்ற பக்கங்களை, சுற்றியிருந்த வீடுகளே சொல்லிவிட்டன. அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருந்தது. அது யாருடையது என்று சொல்ல வேறு எந்த வீடும் சாட்சி இல்லை. சண்முகத்தாய் வீட்டு வாசலே அந்தப் பாதையில்தான் இருந்தது. பெரியய்யாவைக் கேட்கலாம் என்றால், மகனோடு திருப்பூர் போயிருந்தார், விலாசம் தெரியாது. "என்னன்னு பேசி முடிச்சீக?" என்று கேட்டேன். "பொதுப் பாதைன்னு." "அப்பப் பொதுன்னு போடு. இதுக்கு எதுக்கு யோசனை?" அவர் விசைப்பலகையில் வைத்த கையை எடுத்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணாச்சி. ஆனா எனக்குச் சாதகமா இருக்கு. அதுதான் யோசிக்கிறேன்."

"நடந்ததுதானே?"

"நடந்ததுன்னுதான் தோணுது. அவுக இருந்தா கேட்டுக்கலாம். அவுக இல்லாத எடத்துல என் கை நீளக் கூடாது." பெரியய்யா வீட்டுக்குக் கிழக்கே 'சொந்தப் பாதை' என்று அடித்தார். தன் வீட்டுக்கு மேற்கே 'முனியாண்டி பாதை' என்று அடித்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குக் களைப்பு. முடிந்தால் போதும் என்றிருந்தது.

முகாம் நன்றாக நடந்தது. வேப்ப மரத்தடியில் பட்டியலை உரக்கப் படித்தார்கள். ஒருவரும் ஒரு முழம் நகரவில்லை. மறு வருஷம் எல்லா வீட்டுக்கும் பட்டா வந்தது. அதற்கும் மறு வருஷம் முனியாண்டி திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, பாதையின் நடுவில் சுவர் எழுப்பினார். ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் மிச்சம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியில் போக முடியாது, தலையில் வைத்துத்தான் போகவேண்டும். சண்முகத்தாய் சொல்லவில்லை. கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "போய்க் கேளு. இல்ல நான் வந்து கேக்குறேன்" என்று குதித்தேன். "பட்டாவுல அவுகளுக்குன்னு இருக்கு. கட்டுறாக" என்றார். "போட்டது நீதானே?" "ஆமா. அதான் பேசாம இருக்கேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சண்முகத்தாய் இறந்த அன்று இரண்டு மணி பஸ்ஸில் போனேன். வாசலில் கூட்டம். உள்ளே பாடை கட்டி முடித்து, வெளியே கொண்டுவர வழியில்லாமல் நின்றார்கள். அந்தச் சந்தில் பாடை திரும்பவில்லை. "உடம்ப மட்டும் கையில தூக்கி நிறுத்திக் கொண்டாந்துருவோமா?" என்று யாரோ கேட்டார்கள். அவருடைய அம்மா உள்ளேயிருந்து, "எம்மகள அப்படிக் கொண்டுபோகாதிகய்யா" என்று கத்தினார். அப்போது கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்தார். முனியாண்டி. போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, தன் சுவரைத் தானே இடிக்க ஆரம்பித்தார். மகன் பிடுங்கப் போனான், விடவில்லை. பிறகு நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சண்முகத்தாய் அந்த வழியாகத்தான் போனார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது முனியாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையெல்லாம் காரைத் தூசி. "ஒரு சங்கதி அண்ணாச்சி. அது பொதுப் பாதைன்னுதான் நானும் அவளும் பேசி முடிச்சது. கைநாட்டும் வச்சேன். வந்து பாத்தா, பட்டாவுல எனக்குன்னு இருக்கு. கம்ப்யூட்டரு தப்பாப் போட்டுருச்சுன்னு நெனச்சேன். கேட்டா மாத்திருவாளேன்னு கேக்கல. அவளும் கேக்கல."

நமக்குள் இருக்கட்டும் என்று சண்முகத்தாய் சொன்னதை அந்த இடத்தில் மீறினேன். பூஜை, ஃபார்மேட், காதுகுத்துப் பத்திரிகை எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் தப்பு இல்லை, என் தப்பு என்றேன். முனியாண்டி முழுக்கக் கேட்டார். "அப்பத் தெரிஞ்சேதான் போட்டாளா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் அழுததை நான் எழுதப் போவதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் முனியாண்டி கடைக்கு வந்தார். "எங்க தம்பி பொஞ்சாதி இருக்குற வரைக்குமாச்சும் அந்தப் பாதை பாதையா இருக்கணும். மாத்தி எழுதிக் குடுங்க" என்றார். சண்முகத்தாயின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தேன். 'மேற்கே பொதுப் பாதை.' மூன்று சொல்லுக்கு வேர்த்துவிட்டது. கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று கடைக்கு வருகிறவர்கள் பயமுறுத்துகிறார்கள். மறந்தால் மறக்கட்டும். சந்தனம் காய்ந்த அந்த ஃபிளாப்பி என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதோடு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் என்னிடம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா எனக்குச் சாதகமா இருக்கு. இதை எழுதி முடித்து, அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு இடம் உறுத்தியது. லீவு கேட்டார், முகம் சுளிக்காமல் கொடுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். சாட்சி சொல்ல அவர் இல்லை. அவர் கேட்டது பத்து நாள். முகூர்த்த மாதம் என்று சொல்லி நான் கொடுத்தது மூன்று நாள். நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில், மஞ்சள் கண்ணோடு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.